சாடி அறையின் மெழுகுவர்த்தி

என் மகள் அன்று சாடி அறையில் தூங்கிக்கொண்டிருந்தாளா, மயங்கிக் கிடந்தாளா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. அப்போது அவளுக்கு ஏழு மாதம். இப்போது முதல் வகுப்பில் படிக்கிறாள்.

பெண்கள் தாங்கள் பார்த்த வேலையைப் பற்றி எழுதலாம் என்று இந்தப் பகுதியில் அறிவிப்பு வந்தபோது, நான் பார்த்ததை வேலை என்று சொல்லலாமா என்றே தயங்கினேன். அதற்குச் சம்பளம் கிடையாது. மாமனார் வீட்டில், மாமனாரின் தொழிலில், கை கொடுத்தேன். ஆனால் அந்த வீட்டில் இருந்த வருடங்களில் காலையும் மாலையும் தவறாமல் செய்த ஒன்று அதுதான். அதனால் எழுதுகிறேன். தெருப் பெயரையும் என் பெயரையும் எழுதவில்லை, மகளின் பெயரை மாற்றியிருக்கிறேன். காரணம் கடைசியில் புரியும்.

கிஸ்மிஸும் தண்ணீரும்

என் கணவர் வீட்டார் ஒயின் போடுகிறவர்கள் என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டார்கள். என் அம்மா, கள்ளச்சாராயமான சம்சு காய்ச்சுகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்குத் திராட்சரசம் கொடுக்கிற குடும்பம், சுவரில் லைசென்ஸ் மாட்டியிருக்கிறது என்று தரகர் விளக்கிய பிறகுதான் காபி வந்தது.

வீடு சிராங்கூன் சாலைக்குப் பின்னால், தேக்கா பாசார் என்கிற சந்தைக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தது. முன்பக்கம் போத்தல் கழுவும் இடம், நடுவில் கூரையில்லாத முற்றம், அதற்கும் சமையலறைக்கும் இடையில் சாடி அறை. கல்யாணமான முதல் ஜனவரியில் மாமா என் முன்னால் இரண்டு தட்டில் கிஸ்மிஸ் வைத்தார். ஒன்று பளபளப்பாக இருந்தது, இன்னொன்று மங்கலாகத் தூசி படிந்ததுபோல் இருந்தது. எதைச் சாடியில் போடலாம் என்று கேட்டார். சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் செய்த நான் பளபளப்பைக் காட்டினேன்.

"மினுங்குற பழத்துல எண்ணெய் தடவியிருப்பாங்க. அது நாம சாப்பிடுறதுக்கு," என்று அதை அத்தையிடம் கொடுத்துவிட்டார். அன்று இரவு பாயாசம் வைத்தார்கள்.

பூசைக்கான திராட்சரசத்தில் திராட்சையைத் தவிர வேறு எதுவும் இருக்கக்கூடாது. சீனி போடக்கூடாது, ஈஸ்ட் போடக்கூடாது, சாயம் கூடாது. இங்கே புதுத் திராட்சை விளைவதில்லை என்பதால் உலர்ந்த பழத்தைக் கொதித்து ஆறிய தண்ணீரில் ஊறப்போட்டுக் கையால் பிசைந்து சாடியில் விடுவோம். பழத்தைக் கழுவ மாட்டோம். தோலில் படிந்திருக்கும் வெண்பொடிதான் மீதி வேலையைச் செய்யும். எப்போது ஆரம்பிப்பது என்பதும் அதன் இஷ்டம்தான். சில வருடம் மறுநாளே நுரை கட்டும். சில வருடம் ஒரு வாரம் காக்க வைக்கும்.

நுரை கட்டிவிட்டால் பழச்சக்கை மேலே எழும்பி மூடிபோல் நிற்கும். காலையிலும் மாலையிலும் அதை மரத்துடுப்பால் உள்ளே அமுக்க வேண்டும். அதுதான் என் வேலை. வாய்த்துணியை அவிழ்த்து, அமுக்கி, வாசம் பார்த்து, நாக்கில் ஒரு சொட்டு வைத்து, மறுபடி கட்டுவேன். பொங்கி அடங்கியபின் ரப்பர் ட்யூபால் மண்டி கலங்காமல் இறக்கி வேறு சாடிக்கு மாற்றுவோம். ஈஸ்டருக்குள் தெளிந்துவிடும். கோயில்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதும் லேபிள் ஒட்டுவதும் என் பொறுப்புதான்.

சாடி பேசும் அறை

அந்த அறைக்கு முற்றத்திலிருந்து இரண்டு படி இறங்க வேண்டும். சிமெண்டுத் தரை எப்போதும் குளிர்ச்சியாக இருக்கும். மேலே ஒரு சன்னல் உண்டு, பலகை அடித்திருக்கும். பொங்கும் வாரங்களில் கதவையும் சாத்தியே வைப்பார்கள். தேக்கா பாசாரின் பழக்கடை ஈக்கள் அவ்வளவு தூரமும் மோப்பம் பிடித்து வரும். ஓர் ஈ விழுந்தால் போதும், சாடி முழுவதும் புளித்துக் காடியாகிவிடும் என்பார் மாமா.

கதவைச் சாத்தியபின் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு சாடிகளின் வயிறு தெரியும். அந்தச் சீனச் சாடிகளைச் சுற்றிப் புடைப்பாக வார்த்திருக்கும் நாகங்கள் தெரியும். அதற்கும் பிறகுதான் சத்தம் கேட்கும். நூறு பேர் கூடி உட்கார்ந்து யாரையும் எழுப்பாமல் பேசிக்கொள்வதுபோல் இருக்கும். குமிழிகள் வெடிக்கிற சத்தம்தான். வீட்டில் அதைச் சாடி பேசுது என்பார்கள். துடுப்பை உள்ளே விட்டால் பேச்சு நின்று, ஒரு பெருமூச்சு வந்து, மறுபடி தொடங்கும். வாசம் நாளுக்கு நாள் மாறும். முதலில் பாயாச வாசம், பிறகு மழை நனைத்த மண், பிறகு ஆப்பிள், கடைசியில் பெயர் சொல்ல முடியாத ஒன்று.

உள்ளே இறங்குவதற்கு ஒரு வழக்கம் இருந்தது. கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றைக் கொளுத்திக் கீழ்ப்படியில் வைப்பார் மாமா. சிலுவை போட்டுக்கொண்டு ஒரு ஜெபம் சொல்லுவார். ஜெபம் முடியும்வரை யாரும் இறங்கக்கூடாது. அதற்குள் சுடர் அணைந்துவிட்டால், "இன்னைக்கு நமக்கு உத்தரவு இல்ல," என்று கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வருவார். பிறகு மறுபடி கொளுத்துவார். அப்போது எரியும்.

மாமாவின் அப்பா இங்கே பாதிரியாராக இருந்த ஒரு பிரெஞ்சுச் சாமியாரிடம் சமையல் வேலை பார்த்தவர். ஒயின் போடக் கற்றுக்கொண்டது அந்தச் சாமியாரிடம். மெழுகுவர்த்தியும் அவர் வழியாக வந்ததுதான். எனக்கு அந்த வழக்கம் பிடித்திருந்தது. வேலைக்கு முன்னால் ஒரு நிமிடம் எல்லாரும் சும்மா நிற்பது நல்லதென்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை.

குழந்தை தூங்கிய இடம்

ஜெசிந்தா பிறந்தபின் எனக்குத் தூக்கம் என்பதே இல்லை. மாடியில் வெக்கை. சாலையில் டிரைஷா மணி, லாரி, எதிர்வீட்டு ரேடியோ. அவள் அழுதால் பால் போதவில்லையோ என்று பயம், அழாவிட்டால் மூச்சு வருகிறதா என்று பயம். மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். என் கணவர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிளார்க். "ஒண்ணும் ஆகாது லா, நீ யோசிச்சு யோசிச்சே பால் வத்திடும் பாரு," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அதன்பிறகு பால் வற்றிவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

மலேசியாவோடு நாம் சேர்வதற்கு முந்தைய ஆண்டு, ஜனவரி. மழை இன்னும் விடவில்லை. ஒருநாள் நான் துடுப்போடு நிற்க, அத்தை அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சாடி அறைக்குள் வந்தார். சாடிகளின் பேச்சைக் கேட்டதும் அவள் அழுகை பாதியில் நின்றது. தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். பிறகு தூங்கிவிட்டாள்.

அன்று முதல் பகலில் அவளுடைய இடம் அதுதான். அத்தை ஒரு பாயை மடித்துத் தரையில் போட்டு, மேலே தன் பழைய சேலையை விரித்தார். அவள் தூங்க, நான் ஒவ்வொரு சாடியாக அமுக்கிக்கொண்டு போவேன். முடிந்ததும் அவளருகில் நானும் சற்றுப் படுப்பேன். அவள் மூச்சும் சாடிகளின் பேச்சும் ஒன்றுபோலக் கேட்கும். எது எது என்று பிரித்துப் பார்க்காமல் கிடப்பேன். என் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை. நான் பயப்படாமல் இருந்த ஒரே இடம் அது.

அவள் புரளத் தொடங்கினாள். பிறகு வயிற்றால் நகர்ந்து போகப் பழகினாள். ஒருநாள் கண் விழித்தவள் நேரே கீழ்ப்படிக்குப் போய்ச் சுடரைப் பிடிக்கக் கை நீட்டினாள். அத்தை பாய்ந்து தூக்கினார். அன்றைக்கே மெழுகுவர்த்தியைப் படியிலிருந்து எடுத்துச் சுவரில் மாதா சுரூபம் இருக்கும் மாடத்தில் வைத்தார். என் தலைக்கும் மேலே இருந்தது அந்த மாடம்.

வீட்டில் எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. சுடர் கீழே தனியாக எரிவதைவிட மாதாவுக்கு முன்னால் எரிவது பொருத்தமாகத் தெரிந்தது. மாமாவே, "இத்தன வருஷமா எனக்கு இது தோணல பாரு," என்று அத்தையைப் பார்த்துச் சிரித்தார். முக்கியமாக, மேலே வைத்தபிறகு அது ஒருநாளும் அணையவில்லை. தினமும் எங்களுக்கு உத்தரவு கிடைத்தது.

அந்தப் பிற்பகல்

அத்தை ஜெபமாலைக் கூட்டத்துக்குப் போயிருந்தார். மாமா முன்பக்கம் போத்தல் கழுவிக்கொண்டிருந்தார். வெளியே மழை. அந்த வாரம் எல்லாச் சாடியும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டிருந்தது. அமுக்கி முடித்து ஜெசிந்தாவுக்கு அருகில் படுத்தேன். தலை இனிமையாகக் கனத்தது. தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் இருந்தது.

கனவா நினைவா என்று தெரியவில்லை, என் கான்வென்ட் வகுப்பறை வந்தது. சயின்ஸ் சிஸ்டர் ஒரு கண்ணாடிச் சாடியைச் சாய்த்து எரிகிற மெழுகுவர்த்தியின்மேல் எதையோ ஊற்றுகிறார். சாடியில் ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் தண்ணீர் பட்டதுபோல் சுடர் அணைகிறது. கார்பன் டையாக்சைடு காற்றைவிடக் கனம், அது கீழே தேங்கும் என்று சிஸ்டர் கரும்பலகையில் எழுதுகிறார். நாங்கள் எழுதிக்கொள்கிறோம். பின்பெஞ்சில் யாரோ சிரிக்கிறார்கள்.

எழுந்து நின்றேன். எழுந்ததும் தலை தெளிந்தது. மாடத்தில் சுடர் அசையாமல் நேராக எரிந்துகொண்டிருந்தது. அது நிற்கிற உயரத்தையும் குழந்தை கிடக்கிற தரையையும் மாறி மாறிப் பார்த்தேன். பொங்குகிற சாடியிலிருந்து வருவது என்ன காற்று என்று அப்போதுதான் கேட்டுக்கொண்டேன்.

குழந்தையைத் தூக்கினேன். கையும் காலும் துணிபோலத் தொங்கின. கூப்பிட்டேன், விழிக்கவில்லை. இரண்டு படியையும் எப்படி ஏறினேன் என்று தெரியாது. முற்றத்தில் நின்றேன். மழை அவள் முகத்தில் விழுந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. எனக்கு நீண்ட நேரமாகத் தெரிந்தது. பிறகு கண்ணைத் திறந்தாள். அழவில்லை. மழை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பவள்போல மேலே பார்த்தாள். கொட்டாவி விட்டாள்.

நன்றாகத் தூங்குகிற குழந்தையின் கைகால் துணிபோலத்தான் இருக்கும், எல்லாத் தாய்க்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் இன்னும் விடை தெரியவில்லை.

நான் கூப்பிட்ட சத்தத்தில் மாமா ஓடிவந்தார். சொன்னேன். ஒழுங்காகச் சொன்னேனா என்று தெரியாது, கான்வென்ட், சிஸ்டர், கனமான காற்று என்று கலந்து சொல்லியிருப்பேன். அவர் உள்ளே போய் மாடத்திலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்து, கையை மெல்லத் தாழ்த்திக்கொண்டே வந்தார். முழங்காலுக்குக் கீழே வந்ததும் சுடர் சுருங்கியது. பாய் விரித்திருந்த உயரத்தில் அணைந்தது. படியில் நின்று மறுபடி கொளுத்தினார். மறுபடி தாழ்த்தினார். மறுபடி அணைந்தது.

கதவு வழியாக வருகிற காற்றில் அணைந்திருக்கலாம் என்று நானே சொன்னேன். அவர் இன்னொரு கையால் சுடரை மறைத்துக்கொண்டு மூன்றாம் தடவை தாழ்த்தினார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கப்பா இத ஜெபம்னு சொல்லித்தான் குடுத்தாரு," என்றார். "சாமியார் செஞ்சா அது ஜெபம். ஏன்னு அவர் கேக்க மாட்டாரு. நானும் கேக்கல."

திறந்த கதவு

குழந்தையை இனிமேல் அங்கே கொண்டுவர வேண்டாம், மெழுகுவர்த்தியைப் பழைய இடத்தில் வைத்துவிடலாம், அவ்வளவுதானே என்றேன். மாமா தலையை ஆட்டினார்.

"உங்கத்தைகிட்ட என்ன காரணம் சொல்லுவே?"

உள்ளதைச் சொல்லலாம் என்றேன்.  அந்த வீட்டில் நான் அதுவரை கேள்விப்படாத ஒன்றை அவர் சொன்னார். என் கணவருக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்ததாம். ஒரு வயதில் காய்ச்சல் கண்டு இறந்துபோயிற்று. காய்ச்சல் வருவதற்கு முந்தைய நாள் அத்தை குழந்தையை மழைத்தண்ணீரில் குளிப்பாட்டியிருந்தார்.

"அதனாலதான்னு இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கா. டாக்டர் அதனால இல்லைன்னு எவ்வளவோ சொன்னாரு, சாமியார் சொன்னாரு, அவ காதுல ஏறல. ரெண்டு வருஷம் யார்கூடவும் பேசாம இருந்தாம்மா. இந்த மெழுகுவத்திய மேல ஏத்துனது அவ கை. இது தெரிஞ்சா மறுபடி அங்கேயே போய் உக்காந்துக்குவா. என்னால இன்னொரு தடவ பாக்க முடியாது. நீ சொல்லாத."

சரி என்றேன். மாமனார் கேட்கும்போது வேறு என்ன சொல்வது?

ஆனால் காரணம் சொல்லாமல் அத்தையைத் தடுக்கவும் முடியாது. மறுநாளே பாயை விரிப்பார். மாமா எழுந்து போய் ஓர் இரும்புக்கம்பியால் சன்னல் பலகையைப் பெயர்த்தார். கதவைக் கழற்றிச் சுவரோடு சாய்த்தார். படிக்கு எதிரில் தரையோரமாகச் சுவரில் இரண்டு செங்கல்லைத் தட்டி எடுத்தார். முற்றத்துக் காற்று அறைக்குள் புகுந்து வெளியேறத் தொடங்கியது. சாடிகளின் பேச்சு அப்போதுதான் முதல்முறையாகத் தெருச் சத்தத்தோடு கலந்து கேட்டது.

"ஈ வருமே மாமா," என்றேன்.

"வரட்டும். அடுத்த வருஷமும் கிஸ்மிஸ் கிடைக்கும்."

அத்தை திரும்பி வந்து பார்த்துவிட்டு, புத்தி கெட்டுப்போயிற்றா என்று கேட்டார். சாடிக்குக் காற்று வேண்டுமென்று தோன்றியது என்றார் மாமா. மெழுகுவர்த்தி படிக்குத் திரும்பியது. அதைச் சுற்றிக் குழந்தை கை எட்டாமல் செங்கல் அடுக்கினார். அத்தை வழக்கம்போல் பாயை விரித்தார். மாமா அன்றும் அடுத்த நாட்களிலும் வேலையை விட்டுவிட்டு அந்தப் பாயருகில் உட்கார்ந்து, செங்கல்லுக்குள் எரிகிற சுடரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குழந்தையின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன்.

சிராங்கூன் சாலையில் ஒரு சீன டாக்டரிடம் ஜெசிந்தாவைக் கொண்டுபோய்க் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார். குழந்தை நன்றாக இருக்கிறது, அம்மாதான் தூங்க வேண்டும் என்றார்.

உபதேசியார் வந்த நாள்

ஈக்கள் வந்தன. துணியை இரட்டையாகக் கட்டினோம், வேப்பிலைப் புகை போட்டோம். மாலையில் துடுப்பை எடுக்கும்போது ஒவ்வொரு சாடியாக வாசம் திரும்பிக்கொண்டிருந்தது. ஆப்பிளுக்குப் பிறகு வர வேண்டியது வரவில்லை. நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று குத்தியது. நான்தான் முதலில் ருசி பார்ப்பவள் என்பதால் மாமாவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஒவ்வொரு தடவையும் அப்படியா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

பெரிய கோயிலிலிருந்து உபதேசியார் ஈஸ்டருக்குத் திராட்சரசம் வாங்க வந்தார். சாமியாருக்கு அடுத்தபடி கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்பவர். மாமாவோடு சிறுவயதிலிருந்து பழக்கம், அதனால் வாய் கொஞ்சம் நீளம். மாமா ஒரு கிளாசில் ஊற்றிக் கொடுத்தார். அவர் உதட்டில் வைத்ததும் முகத்தைச் சுளித்தார்.

"தண்ணிய ரசமாக்குன கதைய நானே எத்தனையோ தடவ படிச்சுச் சொல்லியிருக்கேன். ரசத்தக் காடியாக்குன மனுஷன இன்னைக்குத்தான்யா பாக்குறேன்."

"அதுக்கும் ஒரு ஆள் வேணுமில்ல," என்றார் மாமா.

"கதவத் தொறந்து வெச்சு ஈக்கு விருந்து வெச்சாரு," என்று அத்தை உள்ளிருந்து குரல் கொடுத்தார். "அம்பது வருஷமா மூடியிருந்த கதவு. கேட்டா சாடிக்கு மூச்சு முட்டுதாம்."

உபதேசியார் சிரித்தார். மாமாவும் சிரித்தார். நான் கிளாசை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். அந்த வருடம் அந்தக் கோயிலுக்குக் கப்பலில் வந்த போத்தல் ஒயின் வாங்கினார்கள். அடுத்த வருடமும் அதையே வாங்கினார்கள். பிறகு எங்களிடம் திரும்பி வரவே இல்லை. சிறு கோயில்கள் இரண்டு மட்டும் விடவில்லை. காடியை ஆச்சார் ஊறுகாய் போடும் ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொண்டார். இவ்வளவு நல்ல காடி தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று அவர் சொன்னதையும் அத்தை விட்டுவைக்கவில்லை. விருந்தாளிகள் வந்தால் மாமாவைச் சீண்ட அதுதான் கதை. மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே என்னை ஒரு பார்வை பார்ப்பார். நான் தண்ணீர் ஊற்றுவேன்.

அடுத்த ஜனவரிக்குள் மாமா கதவு, சன்னல், தரையோரத் துளை எல்லாவற்றுக்கும் மெல்லிய கம்பிவலை அடித்துவிட்டார். ஒயின் பழையபடி வந்தது. இந்தத் தொழிலில் இருக்கும் இளையவர்கள் யாராவது இதைப் படித்தால் மூன்றே விஷயம் சொல்வேன். அறைக்குக் காற்று வேண்டும், ஈக்கு வலை வேண்டும். சுடரைத் தரையில் வையுங்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

இப்போது

நாங்கள் தோ பாயோவில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டோம். போன வருடம் மாமா காலமானார். அத்தை அந்த வீட்டை விட்டு வர மாட்டேன் என்கிறார். அந்த இரண்டு கோயில்களுக்காகச் சில சாடிகள் இன்னும் போடுகிறார். நான் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய் உதவுகிறேன்.

ஜெசிந்தா பள்ளியில் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருக்கிறாளாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சற்றுத் தாமதமாகத்தான் திரும்புகிறாளாம். நல்ல பிள்ளை, ஆனால் கனவு காண்கிறாள் என்று டீச்சர் ரிப்போர்ட் கார்டில் எழுதியிருக்கிறார். என் கணவர், தானும் அப்படித்தான் இருந்ததாகச் சொல்கிறார். அத்தையும் அதையேதான் சொல்கிறார். இருக்கலாம். அவள் சன்னலைப் பார்க்கும்போது நான் அவளைப் பார்க்கிறேன். அந்தப் பிற்பகல் அவளிடமிருந்து எதையாவது எடுத்துக்கொண்டதா, இல்லை பிறவியிலேயே இப்படித்தானா? யாரிடம் கேட்பது?

எங்களுக்கு இப்போது ஒரு மகன். கிறிஸ்துமஸ் முடிந்து சாடி போடும் நேரத்தில் அவனுக்கும் ஏழு மாதம் ஆகும். அத்தைக்குத் தோள் வலி, துடுப்பு பிடிக்க முடிவதில்லை. அந்த வாரங்களில் நான் தினமும் வர வேண்டும், பிள்ளையை விட்டுவிட்டு வர முடியாது. மாமா போனபின் அத்தை செங்கல்லையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டார். வலை துருப்பிடித்துவிட்டதென்று தரையோரத் துளையைச் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டார். சுடர் மறுபடி மாதா மாடத்துக்குப் போய்விட்டது. நான் போகும்போதெல்லாம் இறக்கிப் படியில் வைக்கிறேன். அடுத்த சனிக்கிழமை அது மாடத்தில் இருக்கிறது.

காற்று கனமானது என்பதை மட்டும் சொல்லிவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். அத்தை படிக்காதவர், ஆனால் மந்தமானவர் அல்ல. அதைச் சொன்ன அடுத்த நிமிடமே மாமா கதவைக் கழற்றிய நாள் அவருக்கு ஞாபகம் வந்துவிடும். அன்று எதற்காக என்றும், அதற்கு முந்தைய வாரம் யார் எதை எங்கே மாற்றி வைத்தார்கள் என்றும் தானே எண்ணிக் கண்டுபிடித்துவிடுவார்.

அதனால் பஸ் தூரம், சளி, ஊசி போட வேண்டும் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன சனிக்கிழமை அத்தை பேரனுக்கென்று இலவம்பஞ்சில் ஒரு சின்ன மெத்தை தைத்து வைத்திருந்தார். நான் மறுபடி சளி என்றதும் மெத்தையைத் தட்டி மடித்துக்கொண்டே கேட்டார்.

"தோ பாயோவுக்குப் போனதும் இந்தத் தரை ஒனக்கு அழுக்காப் போச்சாம்மா? ஜெசிந்தாவும் இந்தத் தரையிலதான வளந்தா. அவளுக்கு என்ன கொறஞ்சு போச்சு, சொல்லு."

 எனக்கும் தெரியாதே.

சாடிகள் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டன. மகனை அந்தத் தரையில் கிடத்த மாட்டேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம்தான். மாமாவுக்குக் கொடுத்த வாக்கை அவர் போனபிறகு மீறலாமா? உண்மையைச் சொல்லி, எழுபதை நெருங்கும் ஒருவரை மறுபடி அந்த இருட்டில் உட்கார வைப்பதா? சொல்லாமல் இருந்து, தன் கைமேல் மருமகளுக்கு நம்பிக்கையில்லை என்று அவர் மிச்ச நாளெல்லாம் நினைத்துக்கொள்ள விடுவதா? இதை வாசிப்பவர்களில் மாமியாரும் இருப்பீர்கள், மருமகளும் இருப்பீர்கள். நான் ஜனவரியில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்கும்போது அத்தையிடம் என்ன சொல்ல வேண்டும் என்று தயவுசெய்து எழுதுங்கள்.